‘விவசாயம்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்

(தஞ்சையில் கல்லூரி விடுதிகளின் இறுதியாண்டு மாணவ, மாணவியரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தம்பிகளே, தங்கைகளே, இன்னும் சில வாரங்களில் நீங்கள் பட்டதாரிகள். உங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. நானும் அப்படித்தான். 2010இல் டெல்டாவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன், 2013இல் வெளியே வந்தேன். கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் கேன்டீன், பேருந்து, நட்பு என்று பேசுவார்கள். அதெல்லாம் எனக்கும் இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பா என்ன வேலை என்று சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் “விவசாயம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நம் பக்கத்தில் விவசாயம் என்றால் நிலம் இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அப்பா, அம்மா இருவரும் விவசாயக் கூலிகள். அந்த ஒரு சொல்லை விழுங்கியதால் மூன்று ஆண்டுகள் நடிக்க வேண்டியதாகிவிட்டது.

“எந்த ஊர்?” என்று கேட்பார்கள். சொல்வேன். “ஊர்ல எந்தத் தெரு?” என்பது அடுத்த கேள்வி. அது தெருவைப் பற்றிய கேள்வி அல்ல என்பது கேட்பவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். குறுவை நடவு நேரத்தில் நாற்றுப் பறிக்கப் போவேன். விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதுவேன். திரும்பி வந்து வகுப்பில் உட்காரும்போது நகக்கண்ணில் சேறு இருக்கும். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். என் தேர்வுக் கட்டணத்தில் பாதி, அம்மா இடுப்பு ஒடிய நட்ட காசு. அந்த அம்மாவைத்தான் மறைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க, கையெழுத்துப் போடணும்” என்றார். என் பக்கத்தில் இருந்த நண்பன் எழுந்தான். நான் எழவில்லை. எல்லோரும் போன பிறகு தனியாகப் போய்க் கையெழுத்திட்டேன். அன்றிலிருந்து அவனுக்கு வகுப்பில் ‘கவர்மென்ட் மாப்பிள்ளை’ என்று பெயர். அப்படி அழைத்துச் சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உதவித்தொகை அந்த ஆண்டு தாமதமானது, அவனுக்கு அரியர் விழுந்தது, மூன்றாம் ஆண்டு அவன் வரவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பணம் இல்லாததால்தான் போனான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் அவனுக்கு ஒரு ஆள்கூட இல்லை என்பதும் காரணம். அந்த ஒரு ஆளாக நான் இருந்திருக்க முடியும்.

நான் ஏன் எழவில்லை? உதவித்தொகை என்பது யாரோ போடும் பிச்சை என்று அன்று நம்பினேன். நம் வரலாறு எனக்குத் தெரியாது. கல்லூரியும் சொல்லித் தரவில்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்திப் பெற்றவற்றில் அதுவும் ஒன்று. 1951இல் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் நம் மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. பெரியார் மக்களைத் திரட்டினார், தமிழ்நாடே கிளர்ந்தது. அதே ஆண்டில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 15(4) பிரிவு சேர்ந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தில் தங்கிப் படிக்கும் வசதி பார்ப்பன மாணவர்களுக்கென்றே இருந்தது. 1920களில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த நீதிக்கட்சியின் ஏ.டி.பன்னீர்செல்வம் அதை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார். வடமொழிக்கு மட்டுமே இருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் நுழைந்தது.

ஆனால் சத்திரம் திறந்த பிறகும் சேரியில் சாணிப்பாலும் சவுக்கடியும் தொடர்ந்தன. 1940களில் தோழர் சீனிவாச ராவும் பண்ணையாட்களும் செங்கொடியின் கீழ் திரண்டுதான் அதை எதிர்த்து நின்றார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல், கையில் பிடித்தது ஒரு கொடி. எரித்தவர்கள் பார்ப்பனரல்லாத நிலவுடைமையாளர்கள் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர்களும் பட்டதாரிகள்தாம். பட்டம் மட்டுமே ஒருவரை நியாயமானவராக ஆக்கிவிடாது.

பட்டம் மட்டுமே சாதியையும் போக்கிவிடாது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தன்னைப் பார்சி என்று சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவரையே மறைக்க வைத்த சமூகம் இது. அதனால் மறைக்கும் மாணவரைப் பார்த்து நான் கோபப்பட மாட்டேன். பயப்பட வைப்பவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் மறைத்துக்கொண்டே எழுந்து நின்றவனைப் பார்த்துச் சிரித்தேனே, அதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

1956இல் ஆக்ராவில் பேசியபோது, படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்பேத்கர் வருந்தினார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உங்களுக்கு. 2025இல் அரசு விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். வரவேற்போம். ஆனால் பலகை மாறினால் போதாது. வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பெயர் வாசிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், அறிவிப்பை மாணவரின் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க யுஜிசி 2012லேயே விதிமுறைகள் வகுத்து, சமவாய்ப்பு மையம் அமைக்கச் சொன்னது. உங்கள் கல்லூரியில் அது எந்த அறையில் இருக்கிறது என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். அப்படி ஒரு அறை இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், ஒருவராக அல்ல, இருபது பேராக.

வெளியே போன பிறகு, ஆண்டுக்கு ஒரு முறையாவது இங்கே திரும்பி வாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு கவுன்ட்டராக அலையும் முதலாண்டுப் பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். ஒரு தாள் குறைந்ததால் படிப்பை விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆதிக்க சாதியில் பிறந்த தோழர்களும் இங்கே இருப்பீர்கள். “எந்தத் தெரு?” என்ற கேள்வியை உங்கள் வீட்டிலும் நண்பர்கள் நடுவிலும் நிறுத்த வேண்டியது உங்கள் வேலை. அதை எங்களால் செய்ய முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நண்பனைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “நீ அன்னைக்கு எழுந்திரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்டா” என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவன் மகள் இப்போது பள்ளியில் படிக்கிறாள்.

அவள் கல்லூரிக்கு வரும் நாளில், “அப்பா என்ன வேலை?” என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லும் வகுப்பறை அவளுக்கு வேண்டும். அதற்கு நாம்தான் வேலை செய்தாக வேண்டும். நான் பதினைந்து ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குகிறேன்.

என் அப்பா விவசாயக் கூலி. என் அம்மா நடவாள்.

ஜெய்பீம்.