கலந்த ஒலியும் அன்னப்பறவையும்

பாலோடு நீரைக் கலந்து வைத்தால், நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் ஆற்றல் அன்னப்பறவைக்கு உண்டு என்பது நம் புலவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் செய்தி. அப்பறவையைக் கண்டவர் எவருமிலர். ஆயினும், இசைப் பதிவுகளைப் பொறுத்த மட்டில் அந்த அன்னம் இன்று வந்துவிட்டது என்றே கூறவேண்டும். குரலும் கருவிகளும் ஒன்றாய்க் கலந்து பதிவான பழம்பாடலிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் கணிப்பொறி முறைகள் வழக்கில் வந்துள்ளன. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கேசட்டிலிருந்து ஜான் லெனனின் குரலைப் பியானோ ஒலியினின்றும் பிரித்து, 2023-இல் பீட்டில்ஸ் குழுவின் பெயரால் ஒரு பாட்டு வெளியாயிற்று. இந்த ஆற்றலை நம் நாட்டுப் பழைய பதிவுகளின்மீது எவ்வளவு தூரம் செலுத்தலாம்? நேயர்களோடு இன்று நாம் ஆராய விரும்புவது இதுவே.

இதற்குப் புனே நகரைக் காட்டிலும் பொருத்தமான இடம் இராது. கோலாப்பூரில் 1929-இல் தோன்றிய பிரபாத் படக் கம்பெனி 1933-இல் புனேக்குக் குடிபெயர்ந்தது. சாந்தாராம், தாம்லே, ஃபத்தேலால், தாய்பர், குல்கர்ணி ஆகிய ஐவர் அதன் பங்காளிகள். அவர்களுள் தாம்லே ஒலிப்பதிவில் வல்லவர். பாபநாசம் சிவன் முதன்முதலில் இசையமைத்த தமிழ்ப் படமாகிய ‘சீதா கல்யாணம்’ இக்கம்பெனியின் தயாரிப்பே என்பது நம்மவர் பலர் அறியாதது.

அக்காலத்தில் நடிகரே பாடவேண்டும். அதுவும் படம் பிடிக்கும் அதே கணத்தில் பாடவேண்டும். வாத்தியக்காரர்கள் காட்சியில் தென்படாதபடி மரத்தின் பின்னோ, திரைக்கு அப்பாலோ அமர்ந்து வாசிப்பார்கள். ஒலியும் ஒளியும் ஒருங்கே ஃபிலிமில் பதியும். பின்னர்த் திருத்துவதற்கு வழியில்லை. தபேலாக்காரர் இருமினால் காட்சி முழுவதையும் மறுபடி எடுக்க நேரும். குரல் எவ்வளவு, தபேலா எவ்வளவு என்னும் கணக்கை முடிவு செய்யும் கருவி, பெரும்பாலும் அவரவர் உட்கார்ந்த இடமே! திறந்த வெளியில், ஒலிவாங்கிக்கும் ஒலி எழும் இடத்திற்கும் உள்ள தொலைவை இருமடங்காக்கினால் ஒலியளவு ஆறு டெசிபல் குறைகிறது. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் கணக்குச் சற்று மாறும். தொலைவில் இருப்பவரின் ஒலி அறையின் எதிரொலியோடு கலந்து மங்கி வரும். ஆகவே ஒருவரை இரண்டடி பின்னே தள்ளி அமர்த்துவது அன்றைய ஒலிக்கலவை.

1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ‘தூப் சாவோன்’ படத்தில் பின்னணிப் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கத்தைக் கொணர்ந்தது. தமிழில் 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் மெய்யப்பச் செட்டியார், நடிகைக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாடச்செய்தார். அப்படத்தின் டைரக்டர் யார் என்றால், பிரபாத்தின் ஐவருள் ஒருவராயிருந்த அதே தாய்பர்! பாடுபவரும் நடிப்பவரும் வேறாகவே, பாட்டு படப்பிடிப்புத் தளத்தை விட்டுத் தனி அறைக்குள் புகுந்தது. அறை அமைதியானது, நேரம் கிடைத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கிகளை வைத்து ஒவ்வொன்றின் அளவையும் திருகிக் கூட்டிக் குறைக்கும் பழக்கமும் பெருகிற்று.

புனே வானொலி நிலையம் 1953-இல் தொடங்கப்பெற்றது. அந்நிலையத்தின் பெயர் மராட்டியர் வீடுதோறும் நிலைபெறக் காரணமாயிருந்தது, 1955 ஏப்ரல் 1-ஆம் தேதி, இராமநவமியன்று ஆரம்பமான ‘கீத ராமாயணம்’. மாட்கூள்கர் கவி, சுதீர் ஃபட்கே இசையமைப்பாளர், நிகழ்ச்சிப் பொறுப்பிலிருந்த சீதாகாந்த் லாட் இதற்குத் தூண்டுகோல். வாரத்துக்கு ஒரு பாட்டு வீதம் ஐம்பத்தாறு பாடல்கள். இராமகாதையின் பாத்திரங்கள் தத்தம் வாயால் தம் நிலையைப் பாடுவதாக அமைந்தவை. நம் அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை அறிந்தோர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. சீதையின் பாடல்களை மாணிக் வர்மா பாடினார்.

முதற்பாடலைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. கவி எழுதித் தந்த தாளை ஃபட்கே எங்கேயோ தொலைத்துவிட்டாராம். ஒலிப்பதிவு வேளை நெருங்கிவிட்டது. லாட், கவியை ஓர் அறையில் இருத்திக் கதவைச் சாத்திவிட்டார். சிறிது நேரத்தில் பாட்டு மறுபடியும் எழுதப்பட்டு வெளியே வந்ததாம்! குசனும் லவனும் இராமனுடைய கதையை இராமன் முன்னிலையிலேயே பாடுவதாகிய பாட்டு அது. தன் கதையைப் பிறர் குரலில் கேட்டு வீற்றிருக்கும் இராமனைவிட, பதிவு செய்த இசைக்கு ஏற்ற முதல் நேயர் யார் இருக்க முடியும்?

வாரம் ஒரு பாட்டு என்றால் எழுதுவதற்கும், மெட்டமைப்பதற்கும், பயிற்சிக்கும், பதிவுக்கும் சேர்த்து ஏழே நாட்கள். அக்கால வானொலிக் கூடங்களில் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து, பாட்டு முழுவதையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். நாடாவில் ஒரே தடம். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கருவிகளை அடக்கி வைப்பார்கள். பின்னர் இந்நூல் தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, அதே மெட்டுகளில் பாடவும் பெற்றது. மெட்டு மாறாமல் சொல்லை மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதை மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்குள் உலகின் பிற பகுதிகளில் தடங்கள் பெருகத் தொடங்கியிருந்தன. 1957-இல் அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் கம்பெனி, கிட்டார்க் கலைஞர் லெஸ் பாலுக்கு எட்டுத் தடப் பொறி ஒன்றைச் செய்தளித்தது. குரல் ஒரு தடத்தில், தாளம் ஒரு தடத்தில். ஒருவர் இன்று வாசிக்க, மற்றவர் நாளை வாசிக்கலாம். எல்லாவற்றையும் பிற்பாடு ஒருவர் இருந்து கலக்கலாம். இன்று கணிப்பொறியில் நூறு தடங்கள் என்பதும் வியப்பன்று. இதனால் விளைந்த நன்மை பல. ஆனால், எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் சோம்பலும் உடன் விளைந்தது. இக்காலப் பாட்டுகள் பலவற்றில் சொல் விளங்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

இனி அன்னத்திடம் வருவோம். ஒரே தடத்தில் அமைந்த பழைய பாட்டைப் பிரித்து, குரலை முன்னே நிறுத்தி, தபேலாவை வலப்புறமும் புல்லாங்குழலை இடப்புறமும் வைத்து, புதியதோர் எதிரொலியும் சேர்த்து வெளியிட இன்று முடியும். நாடாவின் இரைச்சலையும் ஃபிலிமின் கீறல் ஒலியையும் நீக்குவதில் நமக்குத் தடையில்லை. அவை காலம் ஏற்றிய அழுக்கு. பாடியவர் வைத்தவை அல்ல. குரலுக்கும் கருவிக்கும் இடையேயுள்ள அளவு அத்தகையதன்று. கூடத்தில் இருந்தவர்கள் தம் காதால் கேட்டு, ஒருவரை முன்னழைத்து, மற்றவரைப் பின்தள்ளி, இது போதும் என்று தீர்மானித்த தீர்ப்பு அது. அதை மாற்றுவது, நாடகக்கவி எழுதிய வசனத்தை அச்சுக்கோப்பவர் திருத்துவதை ஒக்கும். அன்றியும், பிரித்தெடுக்கும் முறை எப்போதும் தூய்மையானதன்று. தபேலாவின் அதிர்வில் ஒரு பங்கு குரலோடு ஒட்டிக்கொண்டு வருவதும், குரலின் ஓர் இழை தபேலாவோடு போய்விடுவதும் உண்டு.

புதுக்கலவையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. இளைஞர்கள் அதனால் பழைய பாட்டின்பால் வருவார்களாயின் வரட்டும். அரசாங்க மொழிபெயர்ப்பில் ஒரு நடைமுறை உண்டு: பெயர்ப்பு எவ்வளவு நன்றாயினும் மூலத்தைக் கிழித்தெறிவதில்லை, ஐயம் நேர்ந்தால் மூலத்தையே எடுத்துப் பார்ப்போம். பதிவுகளுக்கும் அது போதும். புதுக்கலவையின் உறையில் அது புதுக்கலவை என்று அச்சிட வேண்டும். மூலப்பதிவு கை படாமல் ஒரிடத்தில் இருக்கவேண்டும்.

மூலம் இருக்கவேண்டும் என்று சொல்வது எளிது. பிரபாத் வளாகத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி தொடங்கிற்று. 2009-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி அங்குப் பயின்றவர். அதே வளாகத்துக் கிடங்கில் 2003 ஜனவரியில் தீப்பிடித்து, நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் ஏராளமாக எரிந்து போயின. நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் நீருக்கும் அடங்காது. ஒலியும் அந்தச் சுருளின் ஓரத்திலேயே கோடாகப் பதிந்திருப்பதால், படம் எரியும்போது பாட்டும் எரிகிறது. பிரதி எடுத்து வைத்திருந்தவை தப்பின. பிரதி இல்லாதவற்றை எந்த அன்னமும் மீட்டுத் தரப் போவதில்லை.

அடுத்த முறை பழைய பாட்டொன்றை நேயர்கள் கேட்கையில், ஹார்மோனியம் சற்றுத் தள்ளி, அறையின் ஒலியோடு சேர்ந்து வருவதைக் கவனிக்கலாம். அது பதிவின் குறையன்று. வாசித்தவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.