கெட்டுப்போன பம்ப்பும் ஒரு சின்ன மாத்திரையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு, உடனே என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் இதே மாதிரி, பாயசம் இல்லாமலேயே தூக்கம் வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் விழித்திருந்து கேளுங்கள். இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான்.

நான் 2009-ல் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்தவன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் இரண்டு முறை அரியர் வைத்தவன் என்பது முன்வரிசையில் இருக்கும் சாருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். சார், அந்தப் பாடம் எனக்கு 31 வயதில்தான் புரிந்தது. புரிய வைத்தது கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி.

வேலை பார்ப்பது ஓர் அனல் மின் நிலையத்தில், பாய்லர் கன்ட்ரோல் பகுதி. 2018 கடைசியிலிருந்தே உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இன்னும் எட்டு மணி நேரம் தூங்கலாம் போலிருக்கும். சித்திரை வெயிலில் கன்ட்ரோல் ரூமில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பசங்க "ஊட்டி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். சாப்பாடு குறைந்தது, எடை கூடியது. குரல் கரகரத்தது, தோல் வறண்டது, மலச்சிக்கல் வேறு. வருடாந்திர செக்கப்பில் கொலஸ்ட்ரால் 286. "எண்ணெயைக் குறைங்க, நடங்க" என்றார்கள். நடக்கத்தானே முடியவில்லை! வீட்டில் மனைவி, "என்னங்க, எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

ஒரு நாள் நைட் ஷிப்ட். டிரம் லெவல் அலாரம் அடிக்கிறது. என்ன அலாரம் என்று தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதும் எங்கேயோ தெரிகிறது. ஆனால் அது கைக்கு வந்து சேரவில்லை. பக்கத்தில் இருந்த ஜூனியர் பையன் எட்டிச் சரி செய்துவிட்டான். யாரிடமும் சொல்லவும் இல்லை, நல்ல பையன். எனக்குத்தான் அன்றைக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பாய்லர் முன்னால் உட்கார எனக்குத் தகுதி இருக்கிறதா என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. மறுநாளே லீவு போட்டு டாக்டரிடம் போனேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நிமிடத்துக்கு 52. கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.எச். 86 என்று வந்தது. 4, 4.5-க்குள் இருக்க வேண்டியது. கூடவே, தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி பல நூறு. "ஹாஷிமோட்டோ" என்றார். எனக்கு ஏதோ ஜப்பான் மோட்டார் கம்பெனி பெயர் மாதிரிக் கேட்டது.

ஜப்பான்காரர்தான். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் சர்ஜன், நான்கு பெண்களிடமிருந்து எடுத்த வீங்கிய தைராய்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உள்ளே வெள்ளை அணுக்கள் குவிந்து கிடப்பதை 1912-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார். அவை ஏன் அங்கே கூடின என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1934-ல் அவர் இறந்துபோனார். அதற்கு 22 வருடம் கழித்து, 1956-ல்தான் லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டையே எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருப்பதைக் காட்டினார்கள். வீட்டைக் காக்கிற நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற கதை.

இப்போது சாரின் பாடத்துக்கு வருகிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் கன்ட்ரோலர். அது அனுப்பும் சிக்னல் டி.எஸ்.எச். தைராய்டு ஒரு பம்ப். அது தரும் அவுட்புட் டி-4, அதாவது தைராக்ஸின். ரத்தத்தில் டி-4 குறைந்தால் கன்ட்ரோலர் சிக்னலைக் கூட்டும். பம்ப்பே அரிக்கப்பட்டுப் போனால்? சிக்னல் உச்சத்துக்குப் போகும், தண்ணீர் வராது. 86 என்பது தைராய்டு அதிகம் என்று அர்த்தமில்லை. "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று கன்ட்ரோலர் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். இதை நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "தைராய்டு ஜாஸ்தியாம்" என்று பயந்து, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

சிகிச்சை ரொம்பச் சாதாரணம். பம்ப் தராததை மாத்திரையாக நாம் தர வேண்டும், அவ்வளவுதான். 1891-லேயே மர்ரி என்ற ஆங்கிலேய டாக்டர், தைராய்டு வற்றிப்போன ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டுத் தேற்றிவிட்டார். அந்த அம்மாள் அதன் பிறகு 28 வருடம் இருந்தார். நமக்கு ஆடு வேண்டாம். 100 மைக்ரோகிராம், கடுகு மாதிரி ஒரு மாத்திரை.

இங்கேதான் நான் என் மூன்றாவது அரியரை வைத்தேன். இரண்டு வாரம் போட்டேன், பெரிசாக ஒன்றும் தெரியவில்லை. நாமும் இன்ஜினியர்தானே என்று நானே டோஸை இரண்டு மாத்திரையாக்கிவிட்டேன். ஒரு மாதத்தில் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பு. டி-4 எல்லையைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மா கோபப்படவில்லை. "பாய்லர்ல வால்வைத் திருகிட்டு லெவல் ஏறுறதுக்கு முன்னாடி மறுபடியும் திருகுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். டோஸை மாற்றினால் உடம்பு ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். செட்டிலிங் டைம், சார். அன்றைக்கு நீங்கள் போர்டில் எழுதியதேதான்.

மற்றபடி சில நடைமுறை விஷயங்கள். மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி கிடையாது. நம் ஊரில் இதுதான் பெரிய தவம். கால்சியம், அயர்ன் மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். முடி வளர பயோட்டின் சாப்பிடுபவர்கள் டெஸ்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது ரிசல்ட்டையே திருப்பிப் போட்டுவிடும். முட்டைகோஸைக் கண்டு ஓட வேண்டாம், வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். அயோடின் குறைவால் வரும் கழலை வேறு, இது வேறு. சமையலுக்கு அயோடின் உப்பு போதும். "தைராய்டுக்கு நல்லது" என்று கடற்பாசி மாத்திரை விற்கிறார்களே, அது இந்த நோயில் கெடுதலாகவே முடியலாம். ஆறு வாரத்தில் வேரோடு குணம் என்று சுவரில் எழுதியிருப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, மைக் இருக்கிறது.

ஆறு மாதத்தில் நான் மனுஷனானேன். கொலஸ்ட்ராலும் 200-க்குக் கீழே இறங்கிவிட்டது. இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், ரிப்போர்ட் சரியாக இருந்தும் உடம்பு ஒத்துழைக்காத நாட்கள் இன்றைக்கும் உண்டு. அன்றைக்கு ஷிப்ட் இன்சார்ஜிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அலாரம் அடிக்கும்போது தெரிவதைவிட அது மேல்.

இது பெண்களுக்குத்தான் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது, குடும்பத்திலும் ஓடும். டாக்டர் கேட்டுக்கொண்டதால் அம்மாவையும் தங்கையையும் டெஸ்டுக்கு அழைத்துப் போனேன். தங்கைக்கு அப்போது ஆன்டிபாடி மட்டும் இருந்தது. 2021-ல் அவள் உண்டானதும், இரண்டாம் மாதமே மறுபடி பார்த்ததில் டி.எஸ்.எச். 9. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம், குழந்தையின் சுரப்பி அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். மருமகன் இப்போது எல்.கே.ஜி. வாய் ஓய்வதே இல்லை.

அம்மாவுக்கு 2019-ல் வயது 56. டி.எஸ்.எச். 40-க்கு மேல். எத்தனை வருடமாக இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அடுப்படியிலேயே உட்கார்ந்து தூங்கிவிடுவார். அப்பா திட்டுவார், பாட்டி திட்டுவார். ஹாஸ்டலிலிருந்து லீவுக்குப் போகும்போது நானும் "தூங்குமூஞ்சி" என்று கேலி செய்திருக்கிறேன். ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அப்போ நான் சோம்பேறி இல்லையாடா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு ஊரிலிருந்து போன் வரும். "மாத்திரை போட்டியா?" என்று அம்மா கேட்பார். "போட்டேன், நீங்க?" என்பேன். "போட்டாச்சு, காபிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்பார். அந்த அரை மணி நேரமும் பேசிக்கொண்டிருப்போம்.