வடிகட்டியும் உயிர்ப்பும்

மின்னிசைக் கருவியின் நாதத்தில் உயிர் இல்லை என்று சங்கீத ரசிகர் பலர் குறை கூறக் கேட்டிருக்கிறேன். அக்குறையை நானும் பாதி ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாதி என்பதைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு சோதனை.

ஏதேனும் ஒரு சுருதியில் குரலை நிறுத்தி, 'ஊ' என்று தொடங்கி, மூச்சு முறியாமல் 'ஆ', 'ஈ' என்று வாயை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். தொண்டையில் பிறக்கும் நாதம் ஒன்றே; சுருதியும் மாறவில்லை. ஆயினும் செவிக்கு மூன்று ஒலிகள் புலப்படுகின்றன. நாதத்தோடு உடன்பிறந்த மேற்சுரங்களில் சிலவற்றை வாய் எடுத்துக்காட்டுகிறது, சிலவற்றை அடக்கிவிடுகிறது. மோர்சிங் வித்துவான் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் வாயின் தொழிலைச் செய்வது வடிகட்டி. அமெரிக்கரான ராபர்ட் மோக் டிரான்சிஸ்டர்களை ஏணிபோல் அடுக்கி அமைத்த வடிகட்டிக்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அதில் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகள் தடையின்றிச் செல்லும். மேற்பட்டவை ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் ஒடுங்கும். ஒத்ததிர்வுக் குமிழைத் திருகினால் எல்லையருகேயுள்ள மேற்சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும்.

எல்லையை நகர்த்தவும் ஒரு குமிழ் உண்டு. ஆனால் சுரத்துக்குச் சுரம் கையால் திருகிக்கொண்டிருக்க இயலுமா? அதற்காகவே சுரம் பிறந்ததும் எழுந்து, பின் தணியும் மின்னழுத்தம் ஒன்றை வடிகட்டியோடு இணைத்தார்கள். அது எல்லையை எவ்வளவு உயர்த்த வேண்டும், எத்தனை விரைவில் தணிய வேண்டும் என்பவற்றை வேறு குமிழ்கள் தீர்மானிக்கின்றன. சட்டென்று தணிந்தால் தந்தியைத் தெறித்தது போலிருக்கும். மெல்ல எழுந்தால் பித்தளை ஊதுகருவியின் சாயல் வரும்.

ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்டு 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. தனியே வாசிப்பவருக்குப் பாஸ் கிதார்த் துணையாக அது பயன்பட வேண்டுமென்பது நோக்கம். பாஸ் கிதார் போல் அது ஒலிக்கவே இல்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. பெட்டிகள் மலிவு விலைக்குக் கைமாறின. சிகாகோ நகரில் 'ஃபியூச்சர்' என்ற பெயரில் கூடிய மூன்று இளைஞர்களிடம் அவற்றுள் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு சிறு சுரவரிசையைப் பெட்டி திரும்பத் திரும்ப இசைத்துக்கொண்டிருக்க, அவர்கள் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். சுரங்கள் மாறவில்லை, இசை மாறிற்று. முனகிற்று, கரகரத்தது, கீச்சிட்டது. 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற இசைத்தட்டாக அது வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு வழிகோலிற்று.

நான் ஒப்புக்கொண்ட பாதி இப்போது விளங்கும். குமிழை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்பவரின் கருவியில் உயிர் இல்லைதான். புதிதாகப் பழகுவோரோ நேர்மாறாக, ஒத்ததிர்வுக் குமிழை முற்றும் திருகிவிடுகிறார்கள். மோக் அமைத்த வடிகட்டி அந்நிலையில் தானே ஊளையிடத் தொடங்கும்! அதைப் பாதிக்குக் கீழே நிறுத்தி, ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டு, எல்லைக் குமிழை மட்டும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். சற்றுமுன் உங்கள் வாயில் பிறந்த 'ஊ'வும் 'ஆ'வும் போன்ற ஒலிகள் அங்கேயும் கேட்கும்.