அமெரிக்காவில் வாக்குரிமை பெற்றோரும் இழந்தோரும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சங்கம் கூடும் நாளில் நம் மரபினரின் கல்வி, தொழில், விவாகச் செலவு முதலியவற்றைக் குறித்துப் பேசுவதே வழக்கம். அவ்வாறிருக்க, கடல் கடந்த அமெரிக்காவின் பழைய வரலாற்றை இங்கே எடுத்துரைப்பது எதற்காக என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உரிமை வேண்டி ஒன்றுகூடும் எந்தக் கூட்டத்தாரும் ஒரு நாள் விடையளித்தே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் கேட்கும் உரிமையை நம்மினும் எளியோர் கேட்கும்போது நாம் யாது சொல்வோம் என்பதே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மக்கள் அக்கேள்விக்கு அளித்த விடையும், அதனால் விளைந்த பலனும் நாம் சிந்திக்கத்தக்கவை என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

1776-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பதின்மூன்றும் இங்கிலாந்தின் ஆட்சியை உதறிவிட்டுத் தங்கள் சுதந்தரப் பிரகடனத்தை வெளியிட்டன. மாந்தர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்னும் கொள்கை அதில் இடம்பெற்றது. எனினும் வாக்களிக்கத் தக்கவர் யார் என்பதை 1787-இல் இயற்றப்பட்ட அரசியற் சட்டம் வரையறுக்கவில்லை. அந்தந்த இராஜ்யமே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பெரும்பாலான இராஜ்யங்களில் நிலமோ, குறித்த மதிப்புள்ள சொத்தோ உடையவர்க்கே வாக்கு இருந்தது. கூலி வாங்கிப் பிழைப்பவனுக்கும் குத்தகைக்கு உழுபவனுக்கும் சுயபுத்தி இராது, எசமானன் காட்டியவனுக்கே அவன் வாக்களிப்பான் என்பது அக்காலத்துச் செல்வர் கூறிய நியாயம்.

இந்நியாயம் நெடுநாள் நிலைக்கவில்லை. இங்கிலாந்தோடு 1812-இல் மீண்டும் மூண்ட போரில் நிலமற்ற ஏழைகளும் துப்பாக்கி ஏந்தினார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தகுந்தவன் ஒரு வாக்குச் சீட்டைக் கொடுக்கத் தகாதவனா என்று அவர்கள் கேட்டபோது, செல்வரால் தக்க மறுமொழி கூற இயலவில்லை. மேற்றிசையில் புதிதாகத் தோன்றிய இராஜ்யங்களும் சொத்து நிபந்தனையைக் கைவிட்டன. 1816-இல் சேர்ந்த இண்டியானாவும், 1818-இல் சேர்ந்த இல்லினாயும் அத்தகையவை. 1824-ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 3,60,000 பேர். ஆண்ட்ரூ ஜாக்ஸன் வெற்றி பெற்ற 1828-இல் அத்தொகை சுமார் 11,50,000 ஆயிற்று. 1840-இல் சுமார் 24,00,000 ஆகப் பெருகிற்று. ஜனங்கள் பெருகியதும், ஜனாதிபதியைத் தெரிந்தெடுப்போரைச் சட்டசபைகள் நியமிக்கும் பழைய முறை பல இராஜ்யங்களில் ஒழிந்ததும் இதற்குக் காரணங்களாம். ஆயினும் எளிய குடியானவனும் கைத்தொழிலாளியும் அரசியலில் இடம்பெற்ற காலம் அது என்பதில் ஐயமில்லை. இதனைச் சாமானியரின் யுகம் என்று அந்நாட்டுச் சரித்திரக்காரர் போற்றுவர்.

அந்தச் சாமானியர் எவர் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

நியூ ஜெர்ஸி இராஜ்யத்தின் 1776-ஆம் ஆண்டுச் சட்டம், 50 பவுன் மதிப்புள்ள சொத்தும் ஓராண்டு வாசமும் உடைய வயது வந்தோர் யாவருக்கும் வாக்களித்திருந்தது. அதன் பயனாகக் கணவனில்லாத பெண்களும், கறுப்பின மக்களுள் சொத்துடையோரும் அங்கே முப்பது ஆண்டுக்காலம் வாக்களித்து வந்தார்கள். மணமான பெண்ணின் சொத்துக் கணவனுக்கே உரியது என்பது அக்காலத்துச் சட்டமாதலின், அவர்களுக்கு மட்டும் அவ்வுரிமை கிட்டவில்லை. 1807-ஆம் ஆண்டில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவின் நீதிஸ்தலத்தை எவ்வூரில் கட்டுவது என்பதைக் குறித்து நடந்த தேர்தலில் இருதரப்பாரும் அளவிறந்த மோசடி செய்தனர். அந்த ஆண்டிலேயே சட்டசபை வாக்குரிமையைத் திருத்தி அமைத்தது. வரி செலுத்தும் வெள்ளை ஆடவர் பலருக்கு வாக்கு எளிதாயிற்று. பெண்களுக்கும் கறுப்பினத்தார்க்கும் அறவே நீக்கப்பட்டது. மோசடி செய்தவர் பலராயிருக்கத் தண்டனை மட்டும் இவ்விருவர் தலையில் விழுந்தது.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. அங்கே முன்பு சொத்து நிபந்தனை இருந்ததாயினும், அது நிறம் பார்த்து விதிக்கப்படவில்லை. 1821-இல் ஆல்பனி நகரில் கூடிய அரசியலமைப்பு மகாநாடு வெள்ளையர்க்கு அந்நிபந்தனையைத் தளர்த்திற்று. வரி செலுத்தினாலும், ஊர்க்காவற் படையில் பணிபுரிந்தாலும், சாலை வேலை செய்தாலும் வாக்கு உண்டு என்று விதித்தது. கறுப்பினத்தார்க்கோ 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும் என்று முடிவு செய்தது. பீட்டர் ஜே முதலிய சிலர் இதனை எதிர்த்துப் பேசியதால் முழு விலக்கு மட்டும் தவிர்ந்தது. அந்த இராஜ்யத்தில் அடிமைமுறை 1827-இல் முடிவெய்தியது. விலங்கு கழன்றவன் குடியுரிமையை நாடிச் சென்றபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே கதவடைத்திருக்கக் கண்டான். இந்நிபந்தனையை நீக்கலாமா என்று 1846-இலும் 1860-இலும் வாக்காளரிடம் கேட்கப்பட்டது. இருமுறையும் அவர்கள் மறுத்தார்கள். 1870-இல் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தமே அதற்கு முடிவு கட்டியது.

பென்ஸில்வேனியாவில் 1838-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் என்பதற்கு முன் வெள்ளையர் என்னும் சொல்லைச் சேர்த்தது. நாற்பதினாயிரம் பிரஜைகளின் பெயரால் ராபர்ட் பர்விஸ் என்பவர் ஜனங்களுக்கு ஒரு முறையீட்டை எழுதி வெளியிட்டார். வரி செலுத்துகிறோம், கோயிலும் பள்ளியும் கட்டியிருக்கிறோம், எந்தக் குற்றத்துக்காக எங்கள் வாக்கைப் பறிக்கிறீர்கள் என்பதே அதன் கருத்து. ஆயினும் அச்சட்டம் நிறைவேறியது.

இனி ரோட் ஐலண்டுக்கு வருவோம். ஐக்கிய நாடுகளுள் மிகச் சிறிய இராஜ்யம் அது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னன் 1663-இல் அளித்த சாசனமே 1840-க்குப் பின்னும் அங்கே அரசியற் சட்டமாக இருந்தது. 134 டாலர் மதிப்புள்ள நிலமுடையவனும் அவனுடைய மூத்த மகனுமே வாக்களிக்கலாம். 1790 முதல் அங்கே நூற்பாலைகள் பெருகின. நகரங்களில் நிலமில்லாத தொழிலாளரும் கைவினைஞரும் பெருகினர். வயது வந்த ஆடவருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வாக்கில்லை. அவர்கள் 1840-இல் வாக்குரிமைச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். ஊர்வலங்களும் கூட்டங்களும் நடந்தன. தாமஸ் வில்ஸன் டார் என்னும் வக்கீல் அவர்களுக்குத் தலைவராக வாய்த்தார். செல்வக்குடியிற் பிறந்து, ஹார்வர்டில் பயின்று, ஏழைகளின் வழக்கைத் தம் வழக்காக மேற்கொண்ட பெருந்தகை அவர்.

பிராவிடென்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் இக்கிளர்ச்சியைத் தங்கள் கிளர்ச்சியாகவே எண்ணினர். அவர்களுடைய முன்னோர் பலர் சுதந்தரப் போரில் முதலாம் ரோட் ஐலண்டுப் படையிற் சேர்ந்து போரிட்டவர்கள். ஆயினும் 1822-இல் அவர்கள் வாக்கு பறிக்கப்பட்டிருந்தது. 1841 செப்டம்பரில் ஆல்பிரட் நைஜர் என்னும் கறுப்பின நாவிதரைச் சங்கத்தின் பொக்கிஷதாராகச் சிலர் பிரேரேபித்தனர், சங்கத்தார் ஏற்கவில்லை. அக்டோபரில் சங்கத்தார் கூட்டிய ஜனங்களின் மகாநாடு புதிய சட்டத்தை வரைந்தபோது, வெள்ளையர் என்னும் சொல்லை அதில் எழுதினார்கள். அதை நீக்குமாறு கறுப்பினத்தார் விண்ணப்பம் கொணர்ந்தனர். டார் தாமே அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். பெரும்பான்மையோர் இணங்கவில்லை. இவர்களையும் சேர்த்தால் நம் சட்டமே தோற்றுப்போகும், முதலில் நம் காரியம் ஆகட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். சட்டம் நிறைவேறிய பின் அச்சொல்லை நீக்கலாமா என்று வாக்காளரிடம் கேட்போம் என ஒரு விதியை மட்டும் சேர்த்தனர். வாக்காளர் என்போர் அப்பொழுது யாராக இருப்பர் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. டார் வருந்தினாரேனும், அச்சட்டத்தை விட்டு விலகவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அடிமைத்தளையினின்று தப்பி வந்த இளைஞர் பிரெடெரிக் டக்ளஸ், அபி கெல்லி முதலியோருடன் ரோட் ஐலண்டுக்கு வந்து, அவ்வொரு சொல்லுக்காக அச்சட்டத்தை எதிர்த்து ஊர்தோறும் பேசினார். பல இடங்களில் கும்பல்கள் கூட்டத்தைக் கலைத்தன. டிசம்பரில் சுமார் 14,000 பேர் அச்சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார்கள். 1842 ஏப்ரலில் டார் கவர்னராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பழைய சாசன அரசாங்கமும் ஒரு கவர்னரைத் தெரிந்தெடுத்ததால், ஒரு சிறு இராஜ்யத்துக்கு இரண்டு கவர்னர்கள் ஆயினர். ஜனாதிபதி டைலர் டாரின் அரசை அங்கீகரிக்கவில்லை. மே மாதம் 17-ஆம் தேதி இரவு டாரின் ஆட்கள் பிராவிடென்ஸ் ஆயுதசாலையைக் கைப்பற்றச் சென்றனர். அவர்கள் கொண்டுபோன பீரங்கிகள் வெடிக்கவில்லை. ஜூன் மாதத்தில் செப்பாசெட் என்னும் ஊரில் அவர் மறுபடியும் படை திரட்டியதும் பயனின்றி முடிந்தது.

அந்நாட்களில் பிராவிடென்ஸ் நகரைக் காக்கச் சாசன அரசாங்கத்தின் பக்கம் ஆயுதமேந்தி நின்றவர்களுள் கறுப்பினத்தார் சுமார் 200 பேர். டாரின் கட்சியார் இதனைத் துரோகம் என்று தூற்றினர். தங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவரின் வீட்டை அவர்கள் எதற்காகக் காக்க வேண்டும்? 1842 நவம்பரில் சாசனக் கட்சியார் இயற்றிய புதிய சட்டம் நிறைவேறியது. வெள்ளையர் என்னும் சொல் வேண்டுமா என்று வாக்காளரைத் தனியே கேட்டதில், வேண்டாம் என்று முடிவாயிற்று. கறுப்பினத்தார் இழந்த வாக்கை மீண்டும் பெற்றார்கள். ஆனால் சாசனக் கட்சியார் சமதர்மிகள் என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. பிறநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்க்கு, அதிலும் ஐரிஷ் தொழிலாளர்க்கு, 134 டாலர் நில நிபந்தனையை அவர்கள் நீக்காமலே வைத்தார்கள். அது 1888 வரையில் நீடித்தது. டாரோ 1844-இல் இராஜத் துரோகக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று, 1845-இல் விடுதலையாகி, உடல் நலிந்து 1854-இல் காலமானார்.

டாரின் தோல்விக்கு அவ்வொரு சொல்லே முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். படைபலமின்மையும், மத்திய அரசின் ஆதரவின்மையும், அவசரமும் சேர்ந்தே அவரைத் தோற்கடித்தன. ஆயினும் இக்கட்டான வேளையில் பக்கத்தில் நின்றிருக்கக்கூடிய ஒரு கூட்டத்தாரை, அவரைச் சேர்ந்தவர்களே எதிர்ப்பக்கத்திற்கு அனுப்பிவைத்தார்கள் என்பதை மறுக்க இயலாது. அதனினும் பெரிய நஷ்டம் வேறொன்று. பிறப்பினால் மனிதனுக்கு உரியது வாக்கு என்று வாதாடி வந்தவர்கள், வெள்ளையர் என்று எழுதிய அன்றே அவ்வாதத்தைத் தாமே கைவிட்டார்கள். நிலம் பார்த்து உரிமை தருவது அநீதியென்றால், நிறம் பார்த்துத் தருவது எங்ஙனம் நீதியாகும்?

ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்பது நம் நாட்டுப் பழமொழி. ரோட் ஐலண்டார் ஆறு கடப்பதற்கு முன்னரே தம்பியை ஓடத்தினின்று இறக்கிவிட்டார்கள்.

அன்பர்களே! நம் சங்கமும் உரிமையும் உயர்வும் வேண்டித் தோன்றியதே. நம் பிள்ளைகளுக்குக் கல்வியும், நம் தொழிலுக்கு மதிப்பும் வேண்டும் என்று கேட்கின்றோம், அது நியாயமே. நம் கோரிக்கையை நாம் எந்த நியாயத்தின்மேல் நிறுத்துகிறோம் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். மனிதராய்ப் பிறந்தோம், உழைக்கின்றோம், ஆதலின் எங்களுக்கு உரியது என்போமாயின், அந்நியாயம் நம் தெருவோடு நின்றுவிடாது. நம்மினும் பின்தங்கியோர் நாளை அதே சொற்களைச் சொல்லி வருவார்கள். அன்று நம் தீர்மானப் புத்தகத்தில் முதலில் நம் காரியம் ஆகட்டும் என்று எழுதுவோமா, வாருங்கள் என்று எழுதுவோமா என்பதைக் கொண்டே நம் சங்கத்தை உலகம் மதிப்பிடும். ஆகவே மற்ற வகுப்பாரின் நியாயமான கோரிக்கைகளுக்கும் நம் சங்கம் ஆதரவளிக்க வேண்டும் என்று அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன். இளைஞர்கள் இத்தகைய வரலாறுகளைத் தேடிப் படித்து நம் கூட்டங்களில் எடுத்துரைக்க முன்வர வேண்டும்.