அம்மா ஏன் டிவி சத்தத்தைக் குறைத்தாள்?

(அம்பத்தூரில் இளைஞர் வாசிப்புக் கூடலில் பேசியது)



என்னுடையது சாதி மறுப்புத் திருமணம். தாலி இல்லை, புரோகிதர் இல்லை. மாலை மாற்றி உறுதிமொழி வாசித்தோம். ஆறாவது ஆண்டில் மணவிலக்கு. சேதி தெரிந்ததும் ஆவடியிலிருந்து பெரியம்மா போன் செய்தார்: "நாங்க அப்பவே சொல்லலையா?"

அந்தப் பெரியம்மா இருபது வருடமாகப் பெரியப்பாவோடு பேசுவதில்லை. "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று பிள்ளைகளிடம்தான் சொல்வார். சாதி பார்த்து, ஜாதகம் பார்த்து நடந்த கல்யாணம் அது. தோல்விக் கணக்கில் வராது. கோர்ட்டுப் படி ஏறினால்தானே தோல்வி!

சரி, என்னுடையது ஏன் முறிந்தது? அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ஷிப்ட் முடிந்து அவர் வந்தால் வீடே வாயை மூடிக்கொள்ளும். முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பாள். அதுதான் மரியாதை என்று நினைத்து வளர்ந்தேன். அதனால், அதிகம் பேசாத ஒருவரைப் பார்த்ததும் ஆழமான மனிதர் என்று தோன்றிவிட்டது. கோபத்தில் அவர் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தபோது நானும் முகம் பார்த்தே நடந்தேன். சாதியைப் பற்றி உறுதிமொழியில் எழுதியிருந்தோம். கோபம் வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

1987இல் ஹேசன், ஷேவர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நாளிதழ் வழியாகக் காதல் பற்றிக் கேள்விகள் கேட்டு ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோரோடு இருந்த உறவை ஒருவர் நினைவுகூரும் விதத்துக்கும், காதலில் அவருக்கு இருக்கும் நம்பிக்கைக்கும் பயத்துக்கும் தொடர்பு தெரிந்தது. தலைவிதி என்று அவர்கள் சொல்லவில்லை. நம் ஊருக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எந்த வயதில் உங்களுக்குச் சொன்னார்கள்? ஐந்து வயதுப் பிள்ளையிடம் மாமன் மகனைக் காட்டி, "இவன்தான்டி உன் வீட்டுக்காரன்" என்று கேலி செய்வதும் பாடம்தான். 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி சாதி கடந்த மணங்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து. மனசு தானாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கு வருமா?

மணவிலக்கு உரிமையை 1929லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டது. நானோ என் மணவிலக்கை இயக்கத் தோழர்களிடமே ஒரு வருடம் மறைத்தேன், எதிரிக்குத் தீனி போடக் கூடாதென்று. தப்பு. பேசியிருந்தால் சிலருக்கு உதவியிருக்கும்.

மகளுக்கு ஏழு வயது. போன வாரம் நான் ஏதோ எரிச்சலில் இருந்தேன். அவளாகவே ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு ஆபீஸ்ல கோபம், உன்மேல இல்ல. சத்தத்தைக் கூட்டு" என்றேன்.

கேளுங்கள் தோழர்களே, கேள்விகள் இருந்தால்.