மூளையும் மொழியும்

வானொலிக்கும் உளவியலுக்கும் உறவு உண்டோ என வினவினால், உண்டு என விடை பகரும் நகரம் மைசூர். இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் அறிஞரிடம் பயின்று திரும்பிய பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1924ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தோற்றுவித்தார். அவரே 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் ஒரு வானொலி நிலையத்தையும் நிறுவினார். ‘ஆகாசவாணி’ என்பது அதன் பெயர். பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலிக்கு அப்பெயரே வழங்கலாயிற்று.

இந்நகரில் வாழும் தமிழர் நாம். நம் பிள்ளைகள் உளவியலில் முதுகலை பயில விரும்பினால், அக்கல்வி யாது, அதனால் விளையும் பயன் யாது என்று அறிதல் நன்று.

கவனம், நினைவு, மொழி, தீர்மானம் ஆகியவை மனத்தில் நிகழும் முறையை ஆராய்வது அறிதல் உளவியல். அவை மூளையின் எப்பகுதியைச் சார்ந்தவை என்று ஆராய்வது நரம்பு உளவியல். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்த ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். 1953ஆம் ஆண்டில், வலிப்பு நோய் தீரும்பொருட்டு ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கருக்கு மூளையில் அறுவை செய்தனர். அதன்பின் புதிய செய்தி எதுவும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. ஆயினும் கண்ணாடியில் பார்த்து வரையும் கைத்திறன் நாளுக்கு நாள் வளர்ந்தது. முன்னாள் வரைந்ததை மட்டும் அவர் அறியார். நினைவு என்பது ஒன்றன்று, பல என்பது இதனால் விளங்கிற்று.

இனி நம் கதைக்கு வருவோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என வாழ்கின்றோம். நம்மில் முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் பேச்சிழந்தால், எம்மொழி முதலில் மீளும்? இளமையில் கற்றதே மீளும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. மிகுதியாய்ப் பயின்று வந்ததே மீளும் என்றார் பீத்ர், 1895ஆம் ஆண்டில். இரண்டும் எல்லார்க்கும் பொருந்தவில்லை. ஆதலின் ஒருவர் அறிந்த மொழிகள் அனைத்திலும் சோதித்தல் வேண்டும்.

எண்களைக் கேட்டு அவ்வாறே திரும்பச் சொல்லுதல் ஒரு சோதனை. எளிதெனத் தோன்றும் இதிலும் மொழி குறுக்கிடுகின்றது. வேல்ஸ் மொழியில் எண்ணுப் பெயர்களை ஒலிக்க ஆங்கிலத்தினும் நேரம் மிகுதி. அதனால் நினைவில் நிற்கும் எண்கள் குறைகின்றன என்று 1980ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டினர். அங்ஙனமாயின், தமிழில் எண்ணிப் பழகிய பாட்டியைக் கன்னடத்தில் மட்டும் சோதித்து, நினைவு தளர்ந்தது எனத் தீர்ப்பளித்தல் முறையாகுமோ? தவறான தீர்ப்பால் சிகிச்சையும் தவறுமன்றோ?

பேச்சிழந்தோர்க்குப் பணிபுரியும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், 1969ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் மைசூரிலேயே உள்ளன. மொழியையும் மூளையையும் ஒருங்கே கற்க ஏற்ற இடம் இது. ஒன்று மட்டும் மறவற்க: முதுகலைப் பட்டம் மட்டுமே மருத்துவ உளவியலராக்காது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்குரிய பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும்.

நம் பிள்ளைகள் கன்னடத்தை நன்கு கற்கட்டும். தமிழையும் எழுதப் படிக்கப் பேணட்டும். மருத்துவமனைக்கு முதியோரை அழைத்துச் செல்லும்போது, அவர் எம்மொழியில் எண்ணுவார், எம்மொழியில் இறைவனை வேண்டுவார் என்பதை நாமே முன்வந்து கூறுவோம். மருந்துச் சீட்டினைப் போலவே அச்செய்தியும் மருத்துவருக்கு வேண்டுவதாகும்.