இருட்டறைக்குள் இருக்கும் விஷம்

(தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



போட்டோ கழுவும் இருட்டறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "நாங்கள் தறி ஓட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள். எங்களுக்கும் இருட்டறைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேச்சு முடிவதற்குள் சம்பந்தம் தானே தெரியும்.

இன்று செல்போனில் படம் எடுக்கிறோம். ஆனால் பிலிம் இருந்த காலத்தில் கடைத்தெரு ஸ்டுடியோக்களிலும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவுகளிலும் ஓர் இருட்டறை இருந்தது. பிலிமிலேயே படம் எடுப்பவர்கள் இன்றும் அந்த வேலையைச் செய்கிறார்கள். வெளிச்சம் வரக்கூடாது என்று அறையை அடைப்பார்கள். காற்று வர வேறு வழி செய்யாவிட்டால் வெளிச்சத்தோடு காற்றும் நின்றுவிடும். அந்தப் புழுக்கத்தில் தொட்டிகளின் மேல் குனிந்து நின்று ஒருவர் நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டும்.

தொட்டிகளில் என்ன இருக்கிறது? முதல் தொட்டியில் டெவலப்பர். மெட்டால், ஹைட்ரோகுவினோன் என்ற சரக்குகள் அதில் உண்டு. மெட்டால் பட்டுப்பட்டுச் சிலருக்குக் கை சிவந்து, வெடித்து, நீர் வடியும். ஒரு தடவை உடம்பு அதை வெறுத்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் போதும், புண் திரும்ப வரும். அந்த ஆள் தொழிலையே விட நேரிடும். ஹைட்ரோகுவினோன் தூள் நாள்பட்டுக் கண்ணில் படிந்தால் கருவிழியைக் கெடுக்கும்.

இரண்டாவது தொட்டியில் அசெட்டிக் அமிலம். நம் வீட்டுக் காடியில் இருக்கும் அதே புளிப்புத்தான். ஆனால் கடையில் வாங்கும் கெட்டித் திராவகம் தோலைச் சுட்டுவிடும். மூன்றாவதில் ஹைபோ. அமிலம் கலந்த ஹைபோவிலிருந்து கந்தகப் புகை எழும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும். எக்ஸ்ரே டெவலப்பரில் குளுட்டரால்டிஹைடு என்ற ஒன்றையும் சேர்த்தார்கள். அது இல்லாதவருக்கும் ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. படத்தைத் திருத்தச் சில இடங்களில் பைக்ரோமேட்டும் உபயோகித்தார்கள். அதே குரோமிய உப்புதான் சாயப்பட்டறையில் துணிக்கும் உபயோகமானது. விரலில் குழிப்புண், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை: சரக்கு ஒன்றாக இருந்தால் வியாதியும் ஒன்றுதான். சம்பந்தம் தெரிகிறதல்லவா?

இனி ஒரு வழக்கைச் சொல்லுகிறோம்.

பிலிமில் வெள்ளி இருக்கிறது. கழித்துப் போட்ட எக்ஸ்ரே பிலிமிலிருந்து அந்த வெள்ளியை எடுத்து விற்பது ஒரு வியாபாரம். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் எல்க் குரோவ் என்ற ஊரில் 'பிலிம் ரிகவரி சிஸ்டம்ஸ்' என்ற கம்பெனி இதைச் செய்தது. பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, சோடியம் சயனைடு கரைத்த தொட்டிகளில் போட்டு ஊற வைப்பார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பலருக்கு இங்கிலீஷ் தெரியாது. கையிலே எடுப்பது என்ன சரக்கு என்றுகூட அவர்களுக்குச் சொல்லவில்லை.

சயனைடு என்ன செய்யும்? மூச்சு நின்று சாவதல்ல அது. நெஞ்சு நிறையக் காற்று இருக்கும், ரத்தத்தில் பிராணவாயு இருக்கும். உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடும். அந்தத் தொழிலாளர்களுக்குத் தலைவலி வந்தது, தலை சுற்றியது, வாந்தி வந்தது. வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வா என்றார்கள். காற்று வாங்கிவிட்டு அதே தொட்டிக்குத் திரும்பினார்கள்.

1983 பிப்ரவரி 10ஆம் தேதி, போலந்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி வேலையிலே மயங்கி விழுந்தார். பிழைக்கவில்லை. பீப்பாய்களில் இருந்த மண்டையோட்டு அடையாளத்தை அழிக்கச் சொன்னார்கள் என்று கோர்ட்டில் சாட்சியம் வந்தது. 1985இல் கம்பெனித் தலைவர், பாக்டரி மானேஜர், மேஸ்திரி மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஆளுக்கு 25 வருஷத் தண்டனை. 'விபத்து' என்ற வார்த்தையை அன்று அந்த நீதிபதி ஏற்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990இல் மேல் கோர்ட்டு, தீர்ப்பின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அதை ரத்து செய்தது. 1993இல் மூவரும் கொலையைவிடச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தலைவருக்கு 3 வருஷம், மானேஜருக்கு 2 வருஷம், மேஸ்திரிக்கு ஜெயிலே இல்லை. செத்தவர் செத்தவர்தான்.

தோழர்களே, அந்த மனிதரைக் கொன்றது சயனைடு மட்டும்தானா? பெயர் தெரியாத சரக்கு, காற்று இல்லாத கூடம், கேட்க வாய் இல்லாத வேலை, இவை மூன்றும் சேர்ந்துதான் கொன்றன. இந்த மூன்றும் இல்லினாயில் மட்டுமா இருக்கின்றன? பூச்சி மருந்தை வாய்க்கட்டுகூட இல்லாமல் தெளிக்கும் வயலில் இல்லையா? நம் நாட்டில் 1984இல் போபால் நடந்த பிறகுதான், 1987இல், ஆபத்தான சரக்கின் விவரத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று பாக்டரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அத்தனை உயிர் போன பிறகு வந்த உரிமை அது. அதை ஏட்டோடு விட்டுவிடக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்? இருட்டறையானாலும் வேறு எந்த அறையானாலும் கேள்விகள் ஒன்றே. இந்தச் சரக்கின் பெயர் என்ன? உடம்பை என்ன செய்யும்? டப்பாவின் மேல் தமிழில் ஏன் எழுதவில்லை? புகையை முகத்துக்கு வருமுன் இழுத்து வெளியேற்றும் விசிறி எங்கே? கையுறை எங்கே? கண்ணில் பட்டால் கழுவக் குழாய் எங்கே?

நாமே செய்ய வேண்டியதும் உண்டு. திராவகத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள். தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றாதீர்கள். தொட்டியில் வெறுங்கை விடாதீர்கள், இடுக்கி இருக்கிறது. சரக்கு இருக்கும் இடத்தில் சோறு, பீடி, வெற்றிலை வேண்டாம். சோடா பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்காதீர்கள், குழந்தை குடித்துவிடும். பக்கத்தில் நிற்பவர் தலை சுற்றுகிறது என்றால் காற்றுக்குக் கூட்டிப் போங்கள். ஆனால் காரணம் என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை அவரைத் திரும்ப உள்ளே போக விடாதீர்கள்.

ஒருவர் கேட்டால் வேலை போகும் என்ற பயம் வரும். அது பொய்யான பயமல்ல. ஆகையால் ஒருவராகக் கேட்காதீர்கள். ஷிப்டு முழுவதும் சேர்ந்து கேளுங்கள்.